பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்னுக்குப் பிஸ்டல் கிரிப் ஸ்டாக் தேர்ந்தெடுப்பது எப்படி?

பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்னுக்குப் பிஸ்டல் கிரிப் ஸ்டாக் (கைத்துப்பாக்கிப் பிடி கொண்ட பின்கட்டை) வாங்க நினைப்பவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பெயரில் விற்பனைக்கு வருபவை இரண்டு வெவ்வேறு பொருள்கள் என்பதே. ஒன்று, தோளில் பதியும் முழு ஸ்டாக். அதன் கழுத்துப் பகுதியில் மட்டும் கைத்துப்பாக்கியில் இருப்பது போன்ற செங்குத்தான பிடி தனியாக அமைந்திருக்கும். மற்றொன்று, தோளுக்கு வரும் பகுதியே இல்லாத வெறும் பிடி. இரண்டும் ரிசீவரின் (விசையும் இயங்கும் பாகங்களும் அமைந்த நடு உடற்பகுதி) பின்புறத்தில் தலா ஒரு போல்ட்டைக் கொண்டுதான் பொருத்தப்படுகின்றன. ஆனால் பொருத்திய பிறகு கையில் இருப்பது ஒரே துப்பாக்கி அல்ல. சுடும் முறை, குறி பார்க்கும் முறை, உதைப்பு உடலில் எங்கே வந்து சேர்கிறது என்பது, சில நாடுகளில் சட்டம் அதை எந்த வகையில் சேர்க்கிறது என்பது வரை எல்லாமே மாறிவிடுகின்றன.

நிறம், பக்கவாட்டில் தோட்டா செருகும் வசதி, ரெயில், வார் மாட்டும் வளையம் ஆகியவற்றை வைத்தே பலரும் தேர்வைத் தொடங்குகிறார்கள். அவை கடைசியில் பார்க்க வேண்டியவை. தேர்வை உண்மையில் தீர்மானிப்பவை இரண்டே கேள்விகள்: உங்கள் துப்பாக்கியின் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான்) எந்த இடத்தில் இருக்கிறது? தோளில் வைத்துப் பிடிக்கும்போது அந்த ஸ்டாக்கின் அளவு உங்கள் உடலுக்கு ஒத்து வருகிறதா? இந்த இரண்டுக்கும் சரியான விடை கிடைக்காத ஸ்டாக் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதை விட்டுவிடலாம்.

தோள் இல்லாத பிடி யாருக்கு?

வெறும் பிடியை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம், நீளம் குறைவு, குறுகிய இடத்தில் திருப்புவது எளிது என்பதாகும். அது உண்மைதான். அதற்குக் கொடுக்கும் விலையையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஏழரை பவுண்டு எடையுள்ள 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் உள்விட்ட அளவு) துப்பாக்கியில், 1⅛ அவுன்ஸ் ஈயக்குண்டுகளை நொடிக்கு 1,200 அடி வேகத்தில் செலுத்தும் சாதாரணத் தோட்டாவைச் சுட்டால், திரும்பி வரும் உதைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 20 அடி-பவுண்டு. 5.56 மில்லிமீட்டர் ரைபிளில் இது 5 அடி-பவுண்டு அளவில்தான் இருக்கும். முழு ஸ்டாக் இருக்கும்போது இந்த உதைப்பைத் தோளும் முதுகும் சேர்ந்து வாங்கிக்கொள்கின்றன. வெறும் பிடியில் அது முழுவதும் மணிக்கட்டுக்கும் கட்டைவிரலின் அடித்தசைக்கும் போய்ச் சேர்கிறது. பக்ஷாட் (பெரிய குண்டுகள்), ஸ்லக் (ஒற்றைக் குண்டு) போன்ற கனமான தோட்டாக்களில் இந்த எண் இன்னும் மேலே போகும்.

குறி பார்ப்பது அடுத்த சிக்கல். இடுப்பில் வைத்துச் சுட்டாலும் குண்டுகள் விரிந்து போய் இலக்கைத் தொட்டுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. சோக் (குழல்முனையின் குறுக்கம்) இல்லாத குழலிலிருந்து வெளிவரும் குண்டுகள் ஒரு கஜத் தொலைவுக்கு ஓர் அங்குலம் வீதம் விரியும் என்பது வழக்கில் உள்ள தோராயக் கணக்கு. அதன்படி 5 கஜத்தில் விரிவு 5 அங்குலம் அளவுதான். புதிய வகைத் தோட்டாக்கள் சிலவற்றில் அதைவிடவும் குறைவு. ஒரு வீட்டின் அறைக்குள் ஷாட்கன்னையும் ரைபிளைப் போலவே குறி பார்த்துத்தான் சுட வேண்டும். குறி பார்க்க வேண்டும் என்றால் துப்பாக்கியைக் கண் மட்டத்துக்குத் தூக்க வேண்டும். தோளில் அணை இல்லாமல் அப்படித் தூக்கிச் சுடும்போது முன்கை, அதாவது பம்ப்பைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும் கை, சற்றுத் தளர்ந்தாலும் ரிசீவரின் பின்முனை முகத்தை நோக்கி வரும். முன்கையை வலுவாக முன்னோக்கித் தள்ளியும் பின்கையைப் பின்னோக்கி இழுத்தும் பிடிக்கும் முறையால் இதைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்த முறை தோட்டாக்களைத் தாராளமாகச் செலவழித்துப் பழகியவருக்கே கைவரும்.

தோள் இல்லாத பிடிதான் வேண்டும் என்று முடிவு செய்தவர், செங்குத்தான பிடியைவிடப் பறவையின் தலையைப் போலப் பின்னோக்கிச் சாய்ந்து வளைந்த வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மாஸ்பெர்க் 590 ஷாக்வேவிலும் ரெமிங்டன் 870 டாக்-14-இலும் (இரண்டும் குட்டைக் குழல் ஷாட்கன் மாடல்கள்) தொழிற்சாலையிலேயே பொருத்தி வருவது இந்த வகைதான். கை பிடியின் மீது சற்று வழுக்கிப் பின்னால் செல்ல இது இடம் கொடுப்பதால், மணிக்கட்டின் மூட்டில் உதைப்பு நேராகக் குத்துவதில்லை. கதவின் பூட்டையும் கீலையும் உடைத்துத் திறக்கும் காவல், இராணுவப் பிரிவுகளைப் போன்ற தனித்தேவை உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, தோளில் பதியும் ஸ்டாக்கே சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து. இனி வருபவை அந்த வகையைப் பற்றியவை.

சேஃப்டி இருக்கும் இடம்

பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்களில் சேஃப்டி பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கும். ரெமிங்டன் 870-இல் அது விசைக்காப்பு வளையத்தின் பின்பகுதியில் குறுக்காக ஓடும் ஒரு பொத்தான். வலக்கைக்காரர் ஆள்காட்டி விரலால் வலமிருந்து இடமாகத் தள்ளினால் துப்பாக்கி சுடத் தயாராகும். மாஸ்பெர்க் 500, 590 வகைகளிலும் பிரௌனிங் பிபிஎஸ் வகையிலும் அது ரிசீவரின் மேற்புறத்தில், பின்முனைக்கு அருகில், கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளும் நழுவு பொத்தானாக இருக்கும்.

வழக்கமான ஸ்டாக்கில் இந்த இரண்டாவது ஏற்பாடு மிகச் சிறந்தது. ஸ்டாக்கின் கழுத்தைப் பிடிக்கும் கையின் கட்டைவிரல் இயல்பாகவே அந்தப் பொத்தானின் பக்கத்தில் வந்து படுக்கும். இடக்கைக்காரருக்கும் வலக்கைக்காரருக்கும் ஒரே வசதி. அதே துப்பாக்கியில் செங்குத்தான பிஸ்டல் கிரிப்பைப் பொருத்திப் பாருங்கள். கை ரிசீவரின் கீழே இறங்கிவிடுகிறது. கட்டைவிரல் பிடியைச் சுற்றி இடப்பக்கமாகப் போய்விடுகிறது. பொத்தானோ ரிசீவரின் உச்சியில் இருக்கிறது. அதைத் தள்ள வேண்டுமானால் கட்டைவிரலைப் பிடியிலிருந்து எடுத்து, உள்ளங்கையைச் சற்று நழுவவிட்டு, மேலே எட்ட வேண்டும். அந்தக் கணத்தில் துப்பாக்கியைப் பின்கையில் தாங்கிக்கொண்டிருப்பவை மூன்று விரல்கள் மட்டுமே. தள்ளிய பிறகு மீண்டும் பிடியைச் சரி செய்ய வேண்டும். பெரிய கை உள்ளவர் சிலர் பிடியை விடாமலேயே எட்டிவிடுவார்கள், பெரும்பாலோரால் முடியாது.

இந்தச் சிரமத்திலிருந்து தப்பிக்கச் சிலர் சேஃப்டியை எப்போதும் சுடும் நிலையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அது ஏற்கத்தக்க வழி அல்ல. ஒரு துணைப்பொருளுக்காகப் பாதுகாப்புப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தால், மாற்ற வேண்டியது அந்தத் துணைப்பொருளைத்தான்.

ஆகவே மேற்புறச் சேஃப்டி உள்ள துப்பாக்கிக்குச் செங்குத்துப் பிடியை வாங்க வேண்டாம். அதற்குப் பதிலாக, வழக்கமான கழுத்துக்கும் பிஸ்டல் கிரிப்புக்கும் இடைப்பட்ட சாய்வு கொண்ட ஸ்டாக்குகள் இருக்கின்றன. மேக்புல் நிறுவனத்தின் எஸ்ஜிஏ ஸ்டாக் அந்த வகையைச் சேர்ந்தது. பிடி சற்று இறங்கியிருந்தாலும் கழுத்தின் மேற்பகுதி திறந்திருப்பதால் கட்டைவிரல் பொத்தானை எட்டும். பிஸ்டல் கிரிப்பினால் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடுகிறது. மாஸ்பெர்க் நிறுவனத்தின் தயாரிப்பே ஆனாலும் மாவெரிக் 88-இல் சேஃப்டி விசைக்காப்பு வளையத்தில் குறுக்குப் பொத்தானாக இருப்பதால், அதற்குச் செங்குத்துப் பிடி தடையாக இருக்காது. நிறுவனத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், கையில் இருக்கும் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குறுக்குப் பொத்தான் உள்ளவர்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். விசையை அழுத்தாமலே அறையைத் திறக்க உதவும் விடுவிப்பான் ரெமிங்டன் 870-இல் விசைக்காப்பு வளையத்தின் முன்புறம் இடப்பக்கத்திலும், மாஸ்பெர்க்கில் வளையத்தின் பின்புறம் இடப்பக்கத்திலும் இருக்கிறது. செங்குத்துப் பிடியில் கை பின்னுக்குப் போகும் அளவுக்கு முன்புற விடுவிப்பான் தொலைவாகிவிடும். சிறிய கை உள்ளவர் அதைச் சிரமமின்றி எட்ட முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிடியின் கோணமும் பயன்பாடும்

செங்குத்துப் பிடியின் உண்மையான நன்மை, பின்கை ஒன்றினாலேயே துப்பாக்கியைத் தோளுக்குள் இழுத்துப் பிடிக்க முடிகிறது என்பதுதான். முன்கை தோட்டாக்களை எடுத்து மேகசினில் ஏற்றும்போதோ, கதவைத் திறக்கும்போதோ, விளக்கைப் பிடிக்கும்போதோ, குழல் கீழே தொங்காமல் துப்பாக்கி தோளிலேயே நிற்கும். ரைபிள்களில் இதே பிடியில் பழகியவருக்கு விரல்கள் போய் விழும் இடம் மாறாது என்பதும் ஒரு வசதி.

வான்கோழி வேட்டைக்காரர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் வேறு. அவர்கள் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலின் மேல் துப்பாக்கியைத் தாங்கி, அசையாமல் நீண்ட நேரம் குறி பார்த்திருக்கிறார்கள். முழங்கை கீழே தொங்கும் அந்த நிலையில் மணிக்கட்டு செங்குத்துப் பிடியோடு இயல்பாகப் பொருந்துகிறது.

பறக்கும் பறவையையும் களிமண் தட்டையும் சுடுகிறவருக்கு இதே பிடி பாதகமாகும். அங்கே துப்பாக்கியைக் கீழிருந்து விரைந்து தூக்கித் தோளில் பதித்து, வலக்கை முழங்கையை உயர்த்தி, உடலைச் சுழற்றிக்கொண்டே சுட வேண்டும். முழங்கை உயர உயர, செங்குத்துப் பிடி மணிக்கட்டை உள்பக்கமாக மடக்குகிறது, சுழற்சி தடைப்படுகிறது. வழக்கமான ஸ்டாக்கின் கழுத்தில் இருக்கும் மிதமான வளைவே அந்த விளையாட்டுக்குப் போதுமானது. ஒரே துப்பாக்கியை இரண்டு வேலைக்கும் பயன்படுத்துகிறவர் இடைப்பட்ட சாய்வையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிடியைக் கையில் பிடித்துப் பார்க்கும்போது, ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையின் நடுவில் படிகிறதா என்று பாருங்கள். முதல் மூட்டு வரை உள்ளே போனால் பிடி உங்களுக்குக் குறுகியது; நுனி மட்டும் தொட்டால் தொலைவானது. அடுத்து நடுவிரலைக் கவனியுங்கள். செங்குத்துப் பிடியில் நடுவிரல் விசைக்காப்பு வளையத்தின் பின்விளிம்புக்கு நேர் கீழே, சில வகைகளில் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். துப்பாக்கி உதைக்கும்போது அந்த உலோக விளிம்பு விரல் மூட்டில் வந்து அடிக்கும். ஒரு தோட்டாவில் தெரியாது. பத்தாவது தோட்டாவில் நன்றாகவே தெரியும். வளையத்துக்கும் விரலுக்கும் இடையே சிறிதளவாவது இடைவெளி இருப்பது அவசியம்.

ஸ்டாக்கின் நீளம்

விசையின் முன்முகத்திலிருந்து ஸ்டாக்கின் பின்முனையின் நடுப்புள்ளி வரை உள்ள தொலைவே ஸ்டாக்கின் நீளம் எனப்படுகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் ஷாட்கன்களில் இது பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும். சராசரி உயரமுள்ள ஆண், மெல்லிய சட்டையோடு, பக்கவாட்டில் திரும்பி நின்று பறவை சுடுவதற்கு அமைந்த அளவு அது. இலக்கை நெஞ்சுக்கு நேராக வைத்து நிற்கிறவருக்கும், குளிருக்குக் கனமான மேலாடை அணிகிறவருக்கும், உயரம் குறைந்தவருக்கும் அது நீளம்.

பிஸ்டல் கிரிப் ஸ்டாக்கில் 12 முதல் 13 அங்குலம் பலருக்கும் சரியாக வரும். ஸ்டாக் நீளமாக இருந்தால் அது தோள்குழியில் பதியாமல் தோளின் வெளிப்புறத்துக்கும் மேற்கைக்கும் தள்ளப்படும்; கழுத்தை முன்னுக்கு நீட்ட வேண்டியிருக்கும்; முன்கை முழுதாக நீண்டுவிடுவதால் பம்ப்பைக் கடைசி வரை முன்னுக்குத் தள்ள வலு இருக்காது, அடுத்த தோட்டா அறைக்குள் முழுமையாகப் போகாமல் நின்றுவிடும். நீளம் குறைந்தால் வேறு தொல்லை. வழக்கமான ஸ்டாக்கில் கழுத்தின் மேல் படுத்திருக்கும் கட்டைவிரல், உதைப்பில் மூக்கை வந்து தாக்கும். செங்குத்துப் பிடியில் கட்டைவிரல் கீழே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு; அதனால்தான் இதில் சற்றுக் குட்டையான நீளத்தைத் துணிந்து தேர்ந்தெடுக்க முடிகிறது.

நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள ஸ்டாக் வாங்குவது புத்திசாலித்தனம். இடையே வைக்கும் தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும் நீளத்தை அமைக்கும் வகை ஒன்று. மேற்சொன்ன எஸ்ஜிஏ இப்படி 12.4 அங்குலத்திலிருந்து 14.4 அங்குலம் வரை மாறும். ஏஆர் வகை ரைபிள்களில் (ஏஆர்-15-உம் அதைப் போன்றவையும்) உள்ளது போலக் குழாயின் மேல் நழுவும் ஸ்டாக் இன்னொரு வகை. ஒரே துப்பாக்கியை வெவ்வேறு உயரமுள்ளவர்கள் பயன்படுத்தும் இடத்தில் இது உதவும். நழுவும் வகையில் ஸ்டாக்குக்கும் குழாய்க்கும் இடையே ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். ரைபிளின் மெல்லிய உதைப்புக்குச் செய்த பூட்டு, 12 கேஜின் உதைப்பில் தானாக ஒரு படி நழுவிவிடுவதும் உண்டு.

சரியான நீளத்தை அறியும் சோதனை எளிது. துப்பாக்கி காலியாக இருப்பதை அறையிலும் மேகசினிலும் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்; தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். பாதுகாப்பான திசையில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதைப் பார்த்தபடி நின்று, கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் பதியுங்கள். கன்னம் ஸ்டாக்கில் படிந்த பிறகு கண்களைத் திறங்கள். தலையை அசைக்காமலே குறிமணி (குழல்முனையின் மேல் உள்ள சிறு மணி) பார்வைக்கு நேராக நின்றால் ஸ்டாக் பொருந்துகிறது. கழுத்தை நீட்டியோ ஒடுக்கியோ தேட வேண்டியிருந்தால் பொருந்தவில்லை. வழக்கமாக அணியும் உடையோடு, களைப்பு வரும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். களைத்த நிலையில் உடல் சொல்வதுதான் உண்மையான அளவு.

கன்னம் படியும் உயரம்

ஷாட்கன்னில் பின்குறி பெரும்பாலும் இருப்பதில்லை; சுடுகிறவரின் கண்ணே பின்குறி. எனவே கன்னம் படியும் மேல்விளிம்பு கண்ணை எந்த உயரத்தில் நிறுத்துகிறதோ அதைப் பொறுத்தே குண்டு போகும் உயரமும் அமைகிறது. கண் உயர்ந்தால் குண்டு மேலே போகும். தாழ்ந்தால் ரிசீவர் குறியை மறைத்துவிடும். ரெமிங்டன் 870-இன் வழக்கமான ஸ்டாக், கன்னத்தின் இடத்தில் குழலின் கோட்டிலிருந்து சுமார் 1½ அங்குலமும் பின்முனையில் சுமார் 2½ அங்குலமும் தாழ்ந்திருக்கும். குழலின் மேலேயே ஒட்டியிருக்கும் சிறிய குறிமணிக்கு ஏற்ற அளவு அது.

ஏஆர் வகை ஸ்டாக்கை ஷாட்கன்னில் மாட்டும் இணைப்பான்களில் பலவும் ஸ்டாக்கைக் குழலின் நேர்கோட்டில் நிறுத்துகின்றன. இதில் உதைப்பு நேராகத் தோளுக்குள் வருவதால் குழல்முனை எகிறுவது குறைகிறது, அது நல்லதே. ஆனால் கண் மிக உயரத்தில் நிற்பதால், குறிமணி மட்டும் உள்ள துப்பாக்கியில் முகத்தை ஸ்டாக்கில் நசுக்கினாலும் குறி சரியாக வராது. ரிசீவரின் மேல் சிவப்புப் புள்ளிக் கண்ணாடியோ வளையப் பின்குறியோ பொருத்தியவருக்கு அதே உயரம் மிகச் சரியாக அமைந்துவிடும். ஆக, ஸ்டாக் வாங்கும் முன்பே குறி எது என்பதை முடிவு செய்துவிட வேண்டும். பின்னால் குறியை மாற்றும் எண்ணம் இருந்தால், கன்னப்பகுதியின் உயரத்தைத் தனித்துண்டுகளால் கூட்டிக்கொள்ளும் வசதியுள்ள ஸ்டாக்கையே தேடுங்கள்.

மடங்கும் ஸ்டாக்குகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மேல்நோக்கி மடங்கும் பழைய இரும்பு வகை மெல்லிய சட்டமாக இருப்பதால் கன்னத்தில் அறையும். மடங்கிய நிலையில் குறியையும் மறைக்கும். எடுத்துச் செல்லும் பை சிறியது என்பதைத் தவிர வேறு தேவை இல்லாதவருக்கு அது வேண்டாம்.

எடை, உதைப்புத் தணிப்பு, பொருத்தம்

இலேசான ஸ்டாக் நல்லது என்று விளம்பரங்கள் சொல்லும். உதைப்பின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. ஏழரை பவுண்டு துப்பாக்கியில் கனமான மர ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு மொத்த எடையை அரைப் பவுண்டு குறைத்தால், உதைப்பு ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். எடையைக் குறைப்பவர் பின்முனையில் தடிமனான, உண்மையாகவே அழுந்தும் ரப்பர் திண்டு இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கல்லைப் போன்ற கடின ரப்பர் வெறும் அலங்காரம். உள்ளே சுருள்வில் வைத்து உதைப்பைத் தணிக்கும் ஸ்டாக்குகளும் உண்டு. அவை வேலை செய்கின்றன. ஆனால் சுடும்போது ஸ்டாக்கின் பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று நகர்வதால், கன்னமும் தாடிமயிரும் இடையில் சிக்கும் வகையா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

துப்பாக்கியின் மாடல், கேஜ் இரண்டையும் சரிபார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். ரெமிங்டன் 870-இன் இன்றைய 20 கேஜ் ரிசீவர் 12 கேஜ் ரிசீவரைவிடச் சிறியது. ஒன்றின் ஸ்டாக் மற்றதில் நேரடியாகப் பொருந்தாது. ரெமிங்டனுக்குச் செய்ததை மாஸ்பெர்க்கில் மாட்ட இயலாது. எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று எழுதிய ஸ்டாக் எதிலும் இறுக்கமாக உட்காராது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம்

ஸ்டாக்கை மாற்றுவதும் சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டதே. நாட்டுக்கு நாடு அது தலைகீழாகவே மாறுகிறது. அமெரிக்காவில், 1934-இல் வந்த தேசியச் சுடுகலச் சட்டத்தின் இன்றைய வடிவப்படி, குழல் 18 அங்குலத்துக்குக் குறைவாகவோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைவாகவோ உள்ள ஷாட்கன்னை அரசிடம் பதிவு செய்யாமல் வைத்திருக்கக் கூடாது. 14 அங்குலக் குழல் கொண்ட ஷாக்வேவ் போன்றவை தோள் ஸ்டாக் இல்லாமலும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குச் சற்று மேலும் இருப்பதால்தான் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றில் தோள் ஸ்டாக்கைப் பொருத்தினால் உடனே வரையறைக்குள் வந்துவிடும். பின்னோக்கி நீளும் பிடியை எடுத்துவிட்டுச் செங்குத்துப் பிடியை வைத்தாலும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் கீழே இறங்கிச் சிக்கலில் மாட்டிவிடலாம்.

அமெரிக்காவில் மடங்கும் ஸ்டாக்கை விரித்து வைத்து நீளத்தை அளக்கிறார்கள். பிரிட்டனிலோ பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்னின் குழல் 24 அங்குலமும் மொத்த நீளம் 40 அங்குலமும் குறையாமல் இருக்க வேண்டும். அந்த நீளத்தை அளக்கும்போது மடங்கும், நழுவும், கழற்றக்கூடிய ஸ்டாக்குகளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஓரிடத்தில் குற்றமற்ற ஸ்டாக் இன்னோரிடத்தில் துப்பாக்கியையே தடைசெய்யப்பட்டதாக ஆக்கிவிடும். உரிமம் வழங்கும் அதிகாரியிடமோ உரிமம் பெற்ற ஆயுதப் பணியாளரிடமோ கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கொடுங்கள்.

பொருத்துதலும் முதல் சோதனையும்

பொருத்தும் வேலை எளிதானது. துப்பாக்கியைக் காலி செய்து, பின்முனை ரப்பர் திண்டின் இரண்டு திருகுகளைக் கழற்ற வேண்டும். அந்தத் திருகுகள் ரப்பருக்குள் புதைந்திருப்பதால், திருப்புளியின் தண்டில் சிறிது சோப்பு நீரைத் தடவிக்கொண்டால் ரப்பர் கிழியாது. திண்டு வந்ததும் உள்ளே நீண்ட துளையின் அடியில் போல்ட்டின் தலை தெரியும். நீளமான திருப்புளியாலோ குழல்சாவியாலோ அதைத் தளர்த்தினால் பழைய ஸ்டாக் கையோடு வந்துவிடும். புதியதோடு வந்த போல்ட்டையே பயன்படுத்துங்கள். பழைய ஸ்டாக்கின் போல்ட் நீளம் வேறாக இருக்கும். அது இறுகியது போலத் தோன்றினாலும் ஸ்டாக் இறுகியிருக்காது.

புதிய ஸ்டாக் ரிசீவரின் பின்முகத்தில் சுற்றிலும் ஒரே சீராக ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் காகிதம் நுழையும் இடைவெளி இருந்தால், உதைப்பு முழுவதும் ஒட்டியிருக்கும் மறுபக்க விளிம்பிலேயே இறங்கி, நாளடைவில் அங்கே வெடிப்பு விடும். போல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டுமே இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் பாலிமர் கழுத்து வெடித்துவிடும். பிறகு காலித் துப்பாக்கியில் சேஃப்டி, விசை, விடுவிப்பான், பம்ப் ஆகிய நான்கும் தடையின்றி இயங்குகின்றனவா என்று பாருங்கள். போலித் தோட்டாக்களை ஏற்றி இறக்கியும் பார்த்துவிடுங்கள்.

சுடுதளத்தில் முதலில் இலேசான தோட்டாக்களால் தொடங்கி, 25 தோட்டாக்கள் கொண்ட ஒரு பெட்டி முடிந்ததும் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். புதிய ஸ்டாக் முதல் உதைப்புகளில் சற்று அமர்ந்துகொடுக்கும் என்பதால் பெரும்பாலும் ஒரு சிறு திருப்பு தேவைப்படும். மறுநாள் காலையில் உடலில் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். மேற்கையில் கன்றியிருந்தால் ஸ்டாக் நீளம். ஒரு தகட்டை எடுத்துவிடுங்கள். கன்ன எலும்பில் வலித்தால் மேல்விளிம்பின் உயரம் தவறு, அல்லது தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு சுட்டிருக்கிறீர்கள். மணிக்கட்டு வலித்தால் பிடி உங்கள் நிலைக்கு அதிகச் செங்குத்து. நடுவிரலின் மூட்டு வீங்கியிருந்தால் நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் பயனில்லை. அந்தப் பிடி உங்கள் கைக்குரியதல்ல, வேறொன்றைப் பார்க்க வேண்டியதுதான்.